ஏழு கிலோ மணலும் இரண்டு குழந்தைகளும்

“கடல் ஒரு குழந்தையை ஏற்றுக்கொள்வதற்கு முன்னால், அதைக் கூட்டி வருகிறவனை எடைபோட்டுப் பார்க்கிறது.”

பாய்மரப் படகுச் சங்கத்தின் வகுப்பறைச் சுவரில் இந்த வாக்கியம் ஒரு முழ உயர எழுத்துகளில் நீலப் பெயின்ட்டில் இருந்தது. சொன்னவர் கேப்டன். பெயின்ட் அடித்தவரும் அவர்தான். கைக்குழந்தைகளோடும் சிறு பிள்ளைகளோடும் கடலில் பத்திரமாகவும் சௌகரியமாகவும் போய்வருவது எப்படி என்று சனிக்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு அங்கே வகுப்பெடுத்தார். பதினோரு வருஷமாக எடுக்கிறார். அவருடைய படகில் இன்றுவரை ஒரு குழந்தைகூட ஏறியதில்லை. இதை அவர் மறைத்ததாகச் சொல்ல முடியாது. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஜோசியரிடம் போய் உங்கள் ஜாதகம் எப்படி என்று யார் கேட்கிறார்கள்?

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. வாரத்தின் மற்ற நாட்களில் அவர் லிஃப்ட் பரிசோதகர். ஊரிலுள்ள மாடிக் கட்டடங்களில் எல்லாம் ஏறி இறங்கி, கயிறு எத்தனை நூல் தேய்ந்திருக்கிறது என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவார். மேலே போவதிலும் கீழே வருவதிலும் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. முன்னே போவதில்தான் அனுபவம் சற்றுக் கம்மி. ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய படகு அலைதடுப்புச் சுவர் வரை போகும். அங்கே அவர் ஃப்ளாஸ்க்கிலிருந்து காபி குடிப்பார். படகு திரும்பிவிடும்.

பிள்ளை இல்லாத குறைக்கு வகுப்பில் ஒரு பொம்மை இருந்தது. கித்தான் துணியில் தைத்து, சரியாக ஏழு கிலோ மணல் அடைத்து, உயிர்காப்புச் சட்டை மாட்டியது. கேப்டன் அதைப் ‘பயிற்சிக் குழந்தை’ என்பார். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் மாணவர்கள் ‘கேப்டன் பெத்த பிள்ளை’ என்பார்கள். வகுப்பின் கடைசிப் பாடம் படகில் நடக்கும். யாராவது “காற்று!” என்று கத்த வேண்டும். உடனே கேப்டன் அந்தப் பிள்ளையை இரு கையாலும் வாரி எடுத்து, தலையைத் தோளில் சாய்த்து, ஐந்து படி இறங்கி, அறைக்குள் படுக்கைப் பலகையில் கிடத்தி, உருண்டு விழாமல் தடுப்புத் துணியை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு மேலே வருவார். நாற்பத்தொரு விநாடி. மாணவர்கள் கைதட்டுவார்கள். பயிற்சிக் குழந்தை ஒருநாளும் அழுததில்லை.

அப்படியொரு சனிக்கிழமை வகுப்பின் நடுவில்தான் தங்கை போன் செய்தாள். இரண்டாவது பிரசவத்துக்காகத் தீவிலிருந்து நகரத்து ஆஸ்பத்திரிக்கு வந்தவள், பிள்ளைக்கு ஐந்து மாதம் ஆகியும் திரும்பிப் போகாமல் ஒரு வாடகை வீட்டில் இருந்தாள். கைக்குழந்தைக்காரி போன் செய்கிறாளே, சந்தேகம் கேட்பாள், வகுப்புக்கும் பிரயோஜனமாக இருக்கட்டும் என்று கேப்டன் ஸ்பீக்கரைப் போட்டார்.

“அண்ணா, தீவுக்குப் போற கப்பல்ல இன்ஜின் போயிடுச்சாம். சரி பண்ண ஒரு மாசம் ஆகும்ங்கறாங்க. அவரு அங்க தனியா கெடக்கறாரு. மூத்தவளுக்கு ஸ்கூல் தொறந்தாச்சு. உனக்குத் தெரிஞ்ச படகுக்காரங்க யாராவது இருக்காங்களா?”

வகுப்பில் பதினான்கு பேர் இருந்தார்கள். பதினான்கு பேரும் கேப்டனைப் பார்த்தார்கள். பின்னால் சுவர் வாக்கியமும் பார்த்த மாதிரி இருந்தது.

“நான் எதுக்கு இருக்கேன்? நானே கொண்டுபோய் விடறேன்” என்றது கேப்டனின் வாய்.

“நிஜமாவா? உன் படகுலயா?”

“வேற யார் படகுல?”

“இல்ல, அது எப்பவும் கட்டியே இருக்கும்ல, அதான் கேட்டேன்.”

வகுப்பு கைதட்டியது. கேப்டன் கையை உயர்த்தி அதை அடக்கினார்.

தீவுக்கு நல்ல காற்றில் ஐந்து மணி நேரம். அடுத்த வெள்ளிக்கிழமை புறப்படுவதாக ஏற்பாடு. அதற்கு முந்தைய நான்கு இரவும் கேப்டன் தூங்கவில்லை. கண்ணை மூடினால் ஒரு சின்னத் தொப்பி தண்ணீரில் மிதந்து போகும். எழுந்து விளக்கைப் போட்டுத் தன்னுடைய விதிப் புத்தகத்தையே எடுத்துப் படிப்பார். நாற்பத்திரண்டு விதிகள். எல்லாம் அழகாகத்தான் இருந்தன. எதைப் படித்தாலும், “இதை எழுதினவனுக்கு என்ன தெரியும்?” என்று வயிற்றில் ஒரு குரல் கேட்டது. அது அவருடைய குரலாகவும் இருந்தது. தங்கை பிள்ளைகளுக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் அப்புறம் தான் உயிரோடிருந்து என்ன பிரயோஜனம் என்பதில் மட்டும் அவருக்குச் சந்தேகமே இல்லை.

ஆகவே பகலெல்லாம் வேலை செய்தார். லீவு போட்டுவிட்டுப் படகின் கம்பி விளிம்பைச் சுற்றி வலை கட்டினார். மூன்று அளவில் தொப்பி வாங்கி நாடா தைத்தார். நிழலுக்கு ஒரு துணிக்கூரை போட்டார். கூர்மையான மூலைகளுக்கெல்லாம் பஞ்சு ஒட்டினார். இருமுறை அந்தப் பஞ்சிலேயே தலையை இடித்துக்கொண்டார். கடைசியில் பயிற்சிக் குழந்தையையும் எடுத்து வந்து படகில் வைத்தார். எடை சமமாக இருக்கும் என்று தனக்கே காரணம் சொல்லிக்கொண்டார். உண்மையில், பழகிய முகம் ஒன்றாவது படகில் இருக்கட்டுமே என்றுதான். அதற்கு முகம் கிடையாது என்பது வேறு விஷயம்.

புறப்படும் நாள் காலையில் தங்கை வந்தாள். ஒரு இடுப்பில் பிள்ளை, மறு இடுப்பில் துணி துவைக்கிற பிளாஸ்டிக் தொட்டி. பின்னாலேயே ஐந்து வயது மூத்தவள். எல்லோரும் அவளை வாலு என்றுதான் கூப்பிட்டார்கள். காரணம் பார்த்த நிமிஷத்திலேயே விளங்கிவிடும். கேப்டன் விதிப்படி கையை நீட்டித் தயாராக நின்றார். தங்கை அந்தக் கையில் தொட்டியைக் கொடுத்துவிட்டுப் பிள்ளையோடு தானாகவே படகில் கால் வைத்து ஏறினாள்.

“இது எதுக்கு?”

“தொட்டி.”

“அது தெரியுது. அங்கீகரிக்கப்பட்ட சாமான் இல்லியே.”

“உன் சங்கத்துல அங்கீகரிக்க மறந்திருப்பாங்க. ஓரமா வை.”

பிள்ளை எட்டரைக் கிலோ. கேப்டன் வாங்கிவைத்திருந்த உயிர்காப்புச் சட்டையோ பயிற்சிக் குழந்தையின் அளவு. பயிற்சிக் குழந்தைக்கு முட்டி கிடையாது, முழங்கை கிடையாது, எந்த விஷயத்திலும் சொந்த அபிப்பிராயமும் கிடையாது. இந்தப் பிள்ளைக்கு எல்லாம் இருந்தது. கேப்டன் ஒரு கையை நுழைத்தால் அது மறு கையை உருவிக்கொண்டது. பத்து நிமிஷம் கழித்து இருவருமே வியர்த்துப்போய் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கை தன் பையிலிருந்து வேறொரு சட்டையை எடுத்தாள். வெயிலில் வெளுத்து, கழுத்துப் பக்கம் தையல் போட்டது. பிள்ளை அதைப் பார்த்ததும் தானே கையை நீட்டியது.

“இது எங்கேர்ந்து?” என்றார் கேப்டன்.

“வாலு போட்டது.”

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

படகு துறையை விட்டது. அலைதடுப்புச் சுவர் வந்தது. ஃப்ளாஸ்க் இருக்கும் பக்கம் கேப்டனின் கை பழக்கத்தில் போய்த் திரும்பியது. சுவரும் பின்னால் போனது. வாழ்க்கையில் முதல்முறையாக அதன் மறுபக்கத்தைப் பார்த்தார். அந்தப் பக்கம் பாசி பிடித்திருந்தது.

வாலுவை எதிரில் உட்கார வைத்து அவர் விதிகளைப் படித்தார்.

“விதி ஒண்ணு. இடுப்புல கட்டின கயித்தைக் கழட்டவே கூடாது.”

“மூச்சா வந்தா?”

“அது... பெரியவங்ககிட்ட சொல்லணும்.”

“உங்களுக்கு வந்தா யார்கிட்ட சொல்லுவீங்க மாமா?”

கேப்டன் விதி இரண்டுக்குப் போனார். தங்கை எழுந்துவந்து, விளிம்புக் கம்பியில் அவர் மாட்டியிருந்த வாலுவின் கயிற்றைக் கழற்றி, நடுவில் தாழ்வாக இருந்த இரும்பு வளையத்தில் மாட்டினாள். “இங்க மாட்டினா இவ ஓரம் வரைக்கும் போக முடியாது” என்றாள். அது கேப்டனின் பதினாலாவது விதி. அவரே எழுதியதுதான். வலை கட்டிய மும்முரத்தில் மறந்துவிட்டார்.

“அதைத்தான் சொல்ல வந்தேன்.”

“சொல்லு, சொல்லு. நான் கேட்டுக்கறேன்.”

முதல் இரண்டரை மணி நேரம் கடல் எண்ணெய் தடவிய மாதிரி இருந்தது. வாலு அரை மணிக்கு ஒரு பிஸ்கட் தின்றாள். பிள்ளை பால் குடித்தது, கொட்டாவி விட்டது, அம்மா மடியில் தூங்கியது. கேப்டனின் தோள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. இதெல்லாம் தன் ஏற்பாட்டின் பலன் என்றுகூட அவருக்குத் தோன்ற ஆரம்பித்தது.

வாலு இருக்கைக்கு அடியில் இருந்த பொம்மையைக் கண்டுபிடித்தாள்.

“இது யாரு?”

“பயிற்சிக் குழந்தை.”

“ஏன் மூஞ்சி இல்ல?”

“வகுப்புக்கு மூஞ்சி தேவைப்படல.”

“பாவம், குளிருது அதுக்கு” என்று அவள் தம்பியின் இரண்டாவது தொப்பியை எடுத்து அதன் தலையில் மாட்டி நாடாவைக் கட்டினாள். தம்பியின் நீலத் துண்டைச் சுற்றினாள். அம்மா பக்கத்தில் இருக்கையில் படுக்கவைத்துத் தட்டிக்கொடுத்தாள். கேப்டன் அதைப் பார்க்கவில்லை. அப்போது அவர் முன்பாயின் கயிறு சிக்கிக்கொண்டதைச் சரிசெய்யப் படகின் மூக்குக்குப் போயிருந்தார். போகும்போது சுக்கானைத் தங்கையிடம் கொடுத்து, “சும்மா பிடிச்சிட்டு இரு, எதையும் திருப்பிடாதே” என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

மேகத்தை முதலில் பார்த்தவள் தங்கை. மேற்கே தண்ணீர் கறுத்து, சுருக்கம் விழுந்து வேகமாக வந்துகொண்டிருந்தது. அவள் சத்தம் போடவில்லை. தூங்குகிற பிள்ளையை மடியிலிருந்து எடுத்துத் தொட்டிக்குள் தலையணை வைத்து இறக்கி, தொட்டியைத் தன் இரண்டு காலுக்கும் நடுவில், படகின் தரையிலேயே நெருக்கிவைத்து, மேலே மழைக்கோட்டைக் கூடாரம் போலப் போட்டாள். வாலுவின் கயிற்றை இழுத்துப் பார்த்தாள். “அண்ணா, காத்து வருது” என்றாள்.

கேப்டன் திரும்பினார். ‘காத்து’ என்ற சொல் காதில் விழுந்தது. இருக்கையில் ஒரு சின்னத் தொப்பியும் நீலத் துண்டும் தெரிந்தன. தங்கை மடி காலியாக இருந்தது. அதற்குப் பிறகு நடந்ததில் கேப்டனின் மூளைக்குப் பங்கில்லை. பதினோரு வருஷத்துப் பயிற்சி அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியது. “குழந்தைங்க உள்ள!” என்று கர்ஜித்துக்கொண்டே நாலு எட்டில் வந்து, இரு கையாலும் வாரி எடுத்து, தலையைத் தோளில் சாய்த்து, ஐந்து படி இறங்கி, கிடத்தி, துணியை இழுத்து, முடிச்சுப் போட்டார். படகு ஒரேயடியாகச் சாய்ந்தது. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பிள்ளையின் கன்னத்தைத் தடவி, “ஒண்ணுமில்லடா, மாமா இருக்கேன்” என்றார்.

கன்னம் கித்தானாக இருந்தது.

முப்பத்தாறு விநாடி. அதுவரை யாரும் செய்யாத வேகம். கேப்டன் அதைக் கணக்கெடுக்கும் நிலையில் இல்லை. தொப்பி இங்கே, துண்டு இங்கே, மடி காலி. அப்படியானால் பிள்ளை எங்கே? படகு சாய்ந்தபோது இருக்கையில் எதுவும் நிற்காதே. அந்த ஐந்து படியையும் அவர் கையாலும் காலாலும் ஏறினார். நான்கு இரவாகப் பார்த்த தொப்பி கண்முன் மிதந்துகொண்டே வந்தது. பெரிய பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும் சத்தத்தில் அவர் கத்தியது அவருக்கே கேட்கவில்லை.

“அவன் எங்க?”

“யாரு?”

“தம்பி. குழந்தை.”

“இதோ, கால்கிட்ட. கத்தாதே, முழிச்சுக்கப் போறான்.”

தங்கை சுக்கானை இடுப்பால் அணைத்துப் பிடித்திருந்தாள். பாயின் கயிற்றை எப்போதோ தளர்த்திவிட்டிருந்தாள். படகு நிமிர்ந்து மூக்கைக் காற்றுக்குக் காட்டி நின்றுகொண்டிருந்தது. அவள் மழைக்கோட்டின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள். தொட்டிக்குள் பிள்ளை வாயைத் திறந்துகொண்டு தூங்கியது. பக்கத்தில் வாலு, கட்டின கயிறு கட்டினபடி, பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

கேப்டன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“நீ எதைத் தூக்கிட்டு ஓடின?” என்றாள் தங்கை.

வாலு சொன்னாள். “மூஞ்சி இல்லாத பாப்பாவ மாமா படுக்க வெச்சிட்டாரு.”

“அழுதுச்சா?”

“இல்லம்மா.”

“நல்லவேளை. அண்ணா, எந்திரி. பாயைச் சுருக்கணும்.”

இதில் ஒன்று சொல்ல வேண்டும். பாயைச் சுருக்குவதில் கேப்டன் கெட்டிக்காரர்தான். தங்கை “இப்போ” என்றதும் இறக்கினார், “கட்டு” என்றதும் கட்டினார். ஒரு முடிச்சுகூட நழுவவில்லை. சுருங்கிய பாயோடு படகு சமர்த்தாக நடந்தது. மழை இருபது நிமிஷம் கொட்டிவிட்டு, வந்த வழியே போனது. எல்லோரும் நனைந்திருந்தார்கள், தொட்டியில் இருந்தவனைத் தவிர.

கேப்டன் சட்டையைப் பிழிந்துகொண்டே, எங்கோ பார்த்துச் சொன்னார்.

“என் படகுல இதுக்கு முன்னால குழந்தையே ஏறினதில்ல.”

“தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

“வலையப் பாரு. விலைச் சீட்டு இன்னும் தொங்குது.”

தொங்கியது. மழையில் நனைந்து, காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

“தெரிஞ்சுமா வந்த?”

“படகு நல்ல படகு. கயிறெல்லாம் புதுசு. அப்புறம் நீ சின்ன வயசுலேர்ந்து பயந்தாங்கொள்ளி. பிள்ளைங்கள ஏத்தறதுக்கு அப்படிப்பட்ட ஆளுதான் லாயக்கு. தைரியசாலி கூட நான் போகமாட்டேன்.”

“நீ எங்க கத்துக்கிட்ட இதெல்லாம்?”

“தினமும் இவள ஸ்கூல்ல விடறது யாருன்னு நெனச்ச?”

“கப்பல்னு நெனச்சேன்.”

“கப்பல் வாரத்துக்கு ரெண்டு தடவை. ஸ்கூல் அஞ்சு நாள். தீவுல எங்க வீடு கழியோட ஒரு கரை, ஸ்கூல் எதிர்க்கரை. அவரோட சின்னப் பாய்மரப் படகு இருக்கு. இவ ஆறு மாசக் குழந்தையா இருந்தப்பவே இந்தத் தொட்டியிலதான் வெச்சு ஓட்டிட்டுப் போயிருக்கேன்.” அவள் சுக்கானை ஒரு விரல் அளவு திருப்பினாள். “பதினோரு வருஷமா கிளாஸ் எடுக்கறியே, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?”

கேப்டன் யோசித்துப் பார்த்தார். கேட்கவில்லை. போன வருஷம் அவளுக்கு விதிப் புத்தகத்தில் ஒரு பிரதி அனுப்பியிருந்தார், கையெழுத்துப் போட்டு.

வெட்கப்பட வேண்டிய நேரம்தான். ஆனால் வெட்கம் வரவில்லை. நாலு நாளாக நெஞ்சின்மேல் யாரோ உட்கார்ந்திருந்து, இப்போதுதான் எழுந்து போன மாதிரி இருந்தது. பிள்ளை இருக்கிறான். வாலு இருக்கிறாள். படகு ஓட்டத் தெரிந்த ஒருத்தி படகில் இருக்கிறாள். அந்த ஆள் அவர் இல்லை என்பது அவ்வளவு பெரிய நிம்மதியாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. சிரிப்பு வந்தது. சிரித்தார். வாலுவும் என்னவென்று தெரியாமல் கூடச் சிரித்தாள்.

“தொட்டியை விதியில சேர்த்துக்கலாமா?”

“சேர்த்துக்கோ. துளை இல்லாத தொட்டின்னு எழுது. ஒரு தடவை துளையுள்ளதைக் கொண்டுபோயிட்டேன்.”

கேப்டன் சிரித்துக்கொண்டே கொட்டாவி விட்டார். அடுத்ததை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

“எப்போ தூங்கின?” என்றாள் தங்கை.

“ஞாயித்துக்கிழமை.”

“இன்னிக்கு வெள்ளி. தம்பியத் தூக்கிட்டு உள்ள போ. தொட்டியோட தரையில வெச்சுட்டு, பக்கத்துல நீயும் படு.”

“கேப்டன் எப்படிப் படகை விட்டுட்டு...”

“படகு எங்கயும் போகாது, என்கிட்டதான் இருக்கு. போ.”

“ரெண்டு நிமிஷம்.”

“ரெண்டே நிமிஷம்” என்றாள் தங்கை, அழுகிற பிள்ளையிடம் சொல்கிற அதே குரலில்.

அவர் தொட்டியை இரு கையாலும் ஏந்தி, ஐந்து படியையும் ஒவ்வொன்றாக இறங்கினார். எத்தனை விநாடி என்று பார்க்கவில்லை. தரையில் வைத்து, பக்கத்தில் நீட்டிப் படுத்தார். பிள்ளை விழித்துக்கொண்டு அவரைப் பார்த்தான். அவரும் பார்த்தார். யார் முதலில் கண்ணை மூடினார்கள் என்பது தெரியவில்லை.

தீவின் துறையில் தங்கையின் வீட்டுக்காரர் காலையிலிருந்தே நின்றுகொண்டிருந்தார். அங்குள்ள மின்நிலையத்தில் வேலை. வேலை உடுப்பிலேயே ஓடி வந்திருந்தார். மழை அடித்தபோது அந்தத் திசையைப் பார்த்தவர் பிறகு வேறு திசையைப் பார்க்கவே இல்லை. படகு திரும்பி, பாயை இறக்கி, சத்தமில்லாமல் துறையை ஒட்டி வந்து நின்றது. அவர் கயிற்றைப் பிடித்தார். வாலு தன் இடுப்புக் கயிற்றைக் கழற்ற அம்மாவிடம் அனுமதி கேட்டு, கிடைத்ததும் அப்பாமேல் பாய்ந்தாள். அவர் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

“சின்னவன்?”

“உள்ள தூங்கறான்.”

“மச்சான் எங்க?”

“அவன் கூடத்தான் இருக்காரு.”

“பிள்ளைங்க விஷயத்துல மச்சான் ரொம்ப கவனம்தான். எப்படி ஓட்டினாரு?”

தங்கை ஈரத் தலைமுடியைக் கோதிக்கொண்டாள்.

“பத்திரமா வந்து சேர்ந்தோம்” என்றாள்.

பிறகு அவர்கள் பைகளை இறக்கினார்கள், தொட்டியைப் பிள்ளையோடு தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள், சாப்பிட்டார்கள், பாத்திரம் கழுவினார்கள்.

கேப்டன் விழித்தபோது படகைக் கட்டி ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.